வெறுங்கையாய் அனுப்பாதிருக்க: ஆட்கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்குச் சமயச் சமூகங்கள் துணை நிற்கும் முறை

செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ ஒரு குடும்பம் மீட்கப்படும் நாளில் கோட்டாட்சியர், வட்டாட்சியர், தொழிலாளர் துறை அலுவலர், காவலர், தொண்டு நிறுவனத்தார் எனப் பலர் உடனிருக்கிறார்கள். அரசு வாகனத்தில் அந்தக் குடும்பம் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து விடப்படும்போது, கூரை சரிந்த குடிசையும் காலியான அரிசிப் பானையும்தான் அங்கே மிஞ்சியிருக்கின்றன. அன்றிரவு சமைக்க விறகு இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், சூளை முதலாளியின் ஆள் நாளைக் காலையில் வாசலில் வந்து நின்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விகளுக்கு மீட்பு நடவடிக்கையின் கோப்பில் இடமில்லை.

அந்த ஊரின் தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் செய்ய வேண்டிய பணி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தொண்டு நிறுவனத்தின் திட்டக்காலம் முடிந்துவிடும், அலுவலர்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள், ஆனால் ஞாயிறு ஆராதனையும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும் கோயில் அன்னதானமும் ஆண்டு முழுவதும் அதே இடத்தில் நடந்துகொண்டிருக்கும். அடிமையாயிருந்தவனை விடுதலை செய்யும்போது வெறுங்கையாய் அனுப்பிவிடாமல் ஆட்டு மந்தையிலும் களத்திலும் ஆலையிலுமிருந்து அவனுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று விவிலியத்தின் உபாகமம் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒருவரை மீட்டுவிட்டால் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கும் எவருக்கும் அந்த வசனம் போதுமான பதில். தமிழ்நாட்டுச் சூழலில் ஒரு கத்தோலிக்கப் பங்கோ சபையோ ஜமாஅத்தோ கோயில் அறக்கட்டளையோ இந்தப் பணியை எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

யாருக்குத் துணை நிற்கிறோம்

ஆட்கடத்தல் என்றதும் பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்ட பெண்களே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் போலவே, முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு சூளையிலும் கல்குவாரியிலும் மரம் வெட்டும் இடத்திலும் பிடித்துவைக்கப்பட்டவர்கள், திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்று நம்பி நூற்பாலை விடுதிக்குள் அடைக்கப்பட்ட இளம்பெண்கள், கடனுக்கு ஈடாக ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்ச்சலுக்கும் அனுப்பப்பட்ட சிறுவர்கள், வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போய் கடவுச்சீட்டைப் பறிகொடுத்த பெண்கள், கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய இளைஞர்கள் ஆகிய எல்லோரும் இதில் அடங்குவர். கடைசியாகச் சொன்ன இளைஞர்கள் ஊர் திரும்பும்போது, அவர்களும் மோசடிக்காரர்களே என்ற சந்தேகத்தைச் சுமந்து வருகிறார்கள். ஆண் என்பதால் அழவும் முடியாமல், உதவி கேட்கவும் முடியாமல் இருக்கும் அவர்களைச் சபைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு ஆட்கடத்தலைக் குற்றமாக்குவதோடு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்திருந்தாலும் அது குற்றமே என்று தெளிவாகக் கூறுகிறது. “அவளே விரும்பித்தானே போனாள்” என்று பக்தர்களில் ஒருவர் பேசத் தொடங்கும்போது, பொறுப்பில் இருப்பவர் அந்தச் சட்டத்தை நினைவூட்டி அப்பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும்.

கடனை அடைக்கக் காணிக்கை திரட்ட வேண்டாம்

நல்ல மனம் கொண்ட சபைகள் அடிக்கடி இறங்கும் தவறான வழி ஒன்று உண்டு. ஒரு குடும்பம் நாற்பதாயிரம் ரூபாய் முன்பணத்துக்காகச் சூளையில் மாட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்ததும், சிறப்புக் காணிக்கை எடுத்து அந்தத் தொகையை முதலாளியிடம் கட்டி அவர்களை அழைத்து வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, அத்தகைய கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே அற்றுப்போய்விட்டது. இல்லாமற்போன அந்தக் கடனுக்காகப் பணம் பெறுவது முதலாளி செய்யும் குற்றம். அப்படி இருக்கையில் நாம் கட்டும் பணம் அடுத்த குடும்பத்துக்கு முன்பணமாகக் கொடுக்கப்பட்டு, வேறொரு ஊரில் வேறு பிள்ளைகள் மண் பிசைய உட்கார்த்தப்படுவார்கள். பணம் கட்டி வெளியே வந்தவருக்கு விடுதலைச் சான்றிதழும் கிடைக்காது, அதன் வழியாக வரும் அரசு உதவிகளும் கிடைக்காது.

தகவல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இச்சட்டப்படி மீட்புக்கும் விசாரணைக்கும் பொறுப்பானவர்கள் அவர்களே. அவசரமென்றால் 112, குழந்தைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181 ஆகிய எண்களை அழைக்கலாம். வெளிநாட்டில் சிக்கியவருக்கு அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகமும் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (Madad) என்ற புகார் இணையதளமும் வழி. இளைஞர் சங்கம் வேன் எடுத்துக்கொண்டு சூளைக்குப் போய் ஆட்களை ஏற்றிவருவதை எந்தச் சூழலிலும் அனுமதிக்கக் கூடாது. முதலாளி அன்றே மற்றக் குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார், சாட்சியமும் அழிந்துவிடும், அடி வாங்குவது அங்கே விட்டுவரப்பட்ட அந்தத் தொழிலாளர்களாகவே இருக்கும்.

துணைக் குழு

சபையார் அனைவரும் உதவி செய்யத் தேவையில்லை, அவர்கள் அனைவருக்கும் தெரியவும் வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் போதும், அவர்களில் பெண்கள் அதிகமாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், வங்கி ஊழியர், செவிலியர், பள்ளி ஆசிரியர் போன்றோர் எல்லா ஊர்ச் சபைகளிலும் இருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் எந்த மனுவைக் கொடுப்பது என்று தெரிந்த ஒருவர், இந்தப் பணியில் நூறு நன்கொடையாளர்களுக்கு ஈடானவர். பங்கின் சில வீடுகள் சேர்ந்து கூடும் சிறு குழுவான அன்பியத்தின் தலைவியோ மாதர் சங்கப் பொறுப்பாளரோ இருந்தால் வீட்டுக்கு வீடு போய்ப் பழகிய அனுபவம் கிடைக்கும்.

குழுவில் சேருவோர் காவல்துறை நன்னடத்தைச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர், காணிக்கை அதிகம் தருபவர், போதகரின் உறவினர் என்று யாருக்கும் விலக்கு அளிக்கக் கூடாது. குழந்தையோடு எந்த உறுப்பினரும் தனியே இருக்கக் கூடாது. இரவு நேரத்தில் தனிப்பட்ட கைப்பேசி உரையாடல்கள் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குச் சூளை முதலாளியோ தரகரோ சொந்தக்காரராக இருக்கும் எவரும் குழுவில் இடம்பெறவே கூடாது. சிறிய ஊர்களில் தரகர் பெரும்பாலும் அதே சாதியிலும் அதே தெருவிலும் இருப்பவராதலால், இதை நேரிடையாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேட்டறிந்த கதையைத் தம் வீட்டில்கூடச் சொல்வதில்லை என்று குழுவினர் உறுதி ஏற்க வேண்டும். “ஜெப விண்ணப்பம்” என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் பெயரும் ஊரும் பகிரப்படுவது நம் சபைகளில் சாதாரணமாக நடக்கிறது. இந்த விஷயத்தில் அது ஆபத்தானது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தண்டனைக்குரியதாக வைத்திருக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஜெபிக்க விரும்புவோருக்குப் பெயர் தெரியாமலே ஜெபிக்க முடியும்.

முதல் சில வாரங்கள்

திரும்பி வந்த குடும்பத்துக்கு அரிசி மூட்டையும் பாத்திரச் சீதனமும் ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, அந்த வீட்டுப் பெண்ணின் கையில் பணத்தைக் கொடுத்து, அவர் விரும்பினால் உடன் ஒருவர் கடைக்குப் போய்வருவது மேல். என்ன உண்பது, எப்போது தூங்குவது, எப்போது மருத்துவமனைக்குப் போவது என்பதையெல்லாம் இன்னொருவர் முடிவு செய்த இடத்திலிருந்து அவர் வந்திருக்கிறார். எந்தச் சோப்பு, எந்தப் பருப்பு என்று தாமே சொல்லி வாங்குவதில் மீட்சியின் ஒரு பகுதி இருக்கிறது. உடன் செல்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடையில் வேறு ஆட்கள் இருக்கும்வரை அந்தப் பெண் உள்ளே நுழையாமல் மின்கம்பத்தின் அருகே நிற்கக்கூடும். சூளைக்குப் போகும் முன் அங்கே வைத்த பாக்கி காரணமாக இருக்கலாம், அல்லது “எங்கே போயிருந்தாய்” என்ற கேள்விக்கு அஞ்சுவதாக இருக்கலாம். கடைக்காரரிடம் தனியே பேசி அந்தப் பழைய பாக்கியை முடித்துவைப்பது, குழு செய்யக்கூடிய மிகச் சிறந்த முதல் உதவிகளில் ஒன்று.

அடுத்து ஆவணங்கள். கொத்தடிமையாக மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் வழங்கும் விடுதலைச் சான்றிதழே எல்லாவற்றுக்கும் அடிப்படை. குடும்பத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அது வழங்கப்பட்டிருக்கிறதா, பெயரும் வயதும் சரியாக இருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு எழுத்துப் பிழை வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் பணத்தை நிறுத்திவைக்கும். கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெற வழியிருக்கிறது. அதன்பின் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டலுக்கோ கடத்தலுக்கோ ஆளான மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் எனத் தொகைகள் வகுக்கப்பட்டுள்ளன. பெருந்தொகை வழக்கின் போக்கோடு பிணைந்திருப்பதால் ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. “உங்களுக்கு இரண்டு லட்சம் வரப்போகிறது” என்று ஆரம்பத்திலேயே சொல்லி ஆசை காட்டக் கூடாது. அந்த நம்பிக்கையிலேயே புதிய வட்டிக் கடன் வாங்கி மறுபடியும் தரகரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

மீட்கப்படுவோரில் இருளர் சமூகத்தினர் கணிசமானோர். அவர்களுக்குப் பழங்குடியினர் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இல்லாமலிருக்கும், சில குடும்பங்களில் எதுவுமே இருக்காது. பழங்குடியினர், பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். அதன்கீழ் தனி நிவாரணம் உண்டு. ஆவணங்களின் மூலப் பிரதிகளைக் குழுவினர் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் “பத்திரமாக இருக்கட்டும்” என்று வாங்கி வைப்பது, முதலாளி செய்த அதே செயல்தான். ஒரு பிளாஸ்டிக் உறையும், பூட்டக்கூடிய தகரப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

உடல்நிலையைப் பொறுத்தவரை, ரத்தசோகை, காசநோய், தோல் நோய்கள், கவனிக்கப்படாத எலும்பு முறிவுகள், பெண்களுக்குப் பாலியல் தொற்றுகள் ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனையில் முழுப் பரிசோதனை அவசியம், அதுவும் அவர் சம்மதத்தோடு. மனநலத்துக்கு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐயும் பயன்படுத்தலாம். தூக்கம் வராமை, வண்டிச் சத்தம் கேட்டால் பதறுவது, பிள்ளைகளை அடிப்பது, நாளெல்லாம் பேசாமல் இருப்பது ஆகியவற்றைப் பிசாசின் பிடி என்றோ விசுவாசக் குறைவு என்றோ விளக்கி, உபவாச ஜெபத்துக்கோ தர்காவுக்கோ மந்திரிப்பதற்கோ அனுப்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது பெருந்தீங்கு. குருவானவரோ இமாமோ பூசாரியோ தம் வாயால் “மருத்துவரைப் பாருங்கள், நானும் வேண்டிக்கொள்கிறேன்” என்று சொன்னால், அதற்கு இருக்கும் வலிமை வேறு யார் சொல்லுக்கும் இல்லை.

ஜெபம், சாட்சி, புகைப்படம்

வள்ளலார் 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில், பசித்து வருபவரிடம் சாதியையோ சமயத்தையோ கேட்காமல் இன்றும் சோறு போடுகிறார்கள். சமயச் சமூகம் ஒன்று மீண்டவர்களுக்குச் செய்யும் உதவிக்கு அதுவே அளவுகோல். ஆராதனைக்கு வந்தால்தான் அரிசி, ஞானஸ்நானம் பெற்றால்தான் பள்ளிக் கட்டணம், பொட்டு வைத்தால்தான் தையல் இயந்திரம் என்று எந்த வடிவத்திலும் நிபந்தனை வரக் கூடாது. வாயால் சொல்லாத நிபந்தனையும் நிபந்தனைதான்: உதவி வாங்கிய பெண் மூன்று வாரம் ஆலயத்துக்கு வராதபோது “என்னம்மா, காணோமே” என்று ஒருவர் கேட்டாலே அவருக்கு அது கணக்குக் கேட்பதாகப் படும். ஆகவே உதவி வழங்கும் இடத்தையும் நாளையும் வழிபாட்டிலிருந்து பிரித்துவைப்பது நல்லது. அவரே விரும்பி ஜெபிக்கக் கேட்டால் மனதார ஜெபிக்கலாம். அவருடைய குலதெய்வம் எங்கே இருக்கிறது, அங்கே போய்ப் பொங்கல் வைக்க ஆசையிருக்கிறதா என்று கேட்டு வண்டி ஏற்பாடு செய்துகொடுக்கும் ஒரு சபையை நான் மிக உயர்வாக மதிப்பேன்.

சாட்சி சொல்லவைப்பது இதைவிடக் கவனமாகப் பேச வேண்டிய விஷயம். மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, “ஆண்டவர் உன்னை எங்கிருந்து மீட்டார் என்று சொல்” என்று கேட்பதை ஆசீர்வாதமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த நாள் தெருவில் வேறு உருவத்தில் திரும்பி வரும். திருமணமாகாத பெண்ணென்றால் அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தப் பேச்சு தொடரும். வழக்கு நடந்துகொண்டிருந்தால், மேடையில் சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொன்னதற்கும் உள்ள சிறு வேறுபாட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பயன்படுத்திக்கொள்வார். உதவிப் பொருளைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதும், பங்கு மடலில் அச்சிடுவதும், முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று சமாதானம் சொல்வதும் வேண்டாம். சேலையையும் வீட்டுச் சுவரையும் வைத்தே ஊர் அடையாளம் கண்டுவிடும்.

வழக்கு நாட்கள்

குற்றவியல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும். மீண்டவரின் மனவுறுதி மிகுதியும் சோதிக்கப்படும் காலம் அது, சபையின் விடாமுயற்சிக்கு முழுப் பயன் கிடைக்கும் காலமும் அதுதான். காலையில் முதல் பேருந்தைப் பிடித்து, ஒரு நாள் கூலியை இழந்து, நீதிமன்ற வராந்தாவில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆட்கள் எதிரே உட்கார்ந்திருக்க, மாலை மூன்று மணிக்கு “வாய்தா” என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுத் திரும்புவதை ஒருவர் எத்தனை முறை தனியாகச் செய்ய முடியும்? பேருந்துக் கட்டணமும், அன்றைய கூலிக்கு ஈடான தொகையும், மதியச் சாப்பாடும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் அந்த வழக்கு நிலைத்திருக்கும். உடன் போகிறவர் அவருக்கும் எதிர்த்தரப்பினருக்கும் நடுவில் உட்கார்ந்தாலே பாதித் தைரியம் வந்துவிடும்.

ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. அது வழக்கையே கெடுத்துவிடும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஆட்கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம், இழப்பீட்டுக்கான மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். மிரட்டல் வந்தால் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க முடியும். “சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம், மன்னிப்பதுதான் கிறிஸ்தவம்” என்று சமரசத்துக்கு வருகிறவர் மூப்பரே ஆனாலும் குழு இடங்கொடுக்கக் கூடாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உரியவை, அவர் மன்னித்துவிட்டாலும் வழக்கு நடந்தே ஆக வேண்டும்.

இல்லம் தொடங்கும் ஆசை

சிறிது பணம் சேர்ந்ததும் “நாமே ஒரு காப்பகம் தொடங்கலாம்” என்ற யோசனை எழும். எனக்கு இதில் பெரிய தயக்கம் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர் யாராவது தஞ்சம் கேட்டு வந்தால் 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். பாதிரியார் இல்லத்தில் நாலு நாள் இருக்கட்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. பதிவு செய்யாத குழந்தைகள் இல்லம் நடத்துவது சிறார் நீதிச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெண்கள் விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் தேவை. வயது வந்த பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக “பாதுகாப்புக்காக” உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு எந்தச் சமய நோக்கமும் நியாயமாகாது. ஏற்கெனவே உரிமத்தோடு இயங்கும் அருட்சகோதரிகளின் இல்லத்துக்கோ அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ துணையாக இருப்பது, புதிதாக ஒரு கட்டடம் கட்டுவதைவிடப் பயனுள்ளது. சொந்த வீட்டுக்கே திரும்ப முடிந்தவருக்கு அந்த வீட்டின் கூரையை மாற்றிக்கொடுப்பது இன்னும் நல்லது.

வேலையும் சேமிப்பும்

தையல் இயந்திரம் கொடுத்துவிட்டால் வாழ்வாதாரம் அமைந்துவிட்டதாக எண்ணுவது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய பழக்கம். ஒரு தெருவில் நான்கு தையல் இயந்திரங்கள் இருந்தால் யாருக்கும் வேலை இருக்காது. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். செங்கல் அறுக்கத் தெரிந்த நான்கு குடும்பங்கள் சேர்ந்து சொந்தமாகச் சிறிய சூளை போடலாம், ஆடு மேய்த்தவர் தமக்கென்று ஆடு வளர்க்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்த்துவிட்டால், மருத்துவச் செலவோ காதுகுத்தோ வரும்போது வட்டிக்காரரிடம் போகாமல் இருக்கலாம். மனிதர்களை மீண்டும் சூளைக்குத் தள்ளுவது பெரும்பாலும் ஐயாயிரம், பத்தாயிரம் என்ற சிறு அவசரம்தான். சபையோ, ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலோ அதற்கென்று வட்டியில்லாத கைமாற்று நிதி ஒன்றை வைத்திருந்தால் பல விபத்துகள் நடக்காமலே போகும். குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் கட்டாயத் தானமான ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் குறிப்பிடுகையில், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியவர்களையும் கடனில் மூழ்கியவர்களையும் சேர்த்தே சொல்கிறது. ஜமாஅத்தின் மார்க்க அறிஞர்களான உலமாக்களிடம் கலந்து பேசி இந்தப் பணிக்கு ஒரு பங்கை ஒதுக்குவது இயலக்கூடியதே.

ஆண்டில் இரண்டு நாட்கள்

சூடானில் சிறுமியாக இருக்கையில் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டு, பின்னர் இத்தாலியில் துறவியான புனித ஜோசபின் பக்கிதாவின் நினைவுநாளான பிப்ரவரி 8ஐ, ஆட்கடத்தலுக்கு எதிரான செப நாளாகக் கத்தோலிக்கத் திருஅவை 2015 முதல் கடைப்பிடித்து வருகிறது. மறுநாள் பிப்ரவரி 9, கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினம். இந்த இரண்டு நாட்களையும் இணைத்து மறையுரையிலும் ஞாயிறு வகுப்பிலும், தரகர்கள் எப்படிப் பேசுகிறார்கள், முன்பணம் என்ற வலை எப்படி விரிக்கப்படுகிறது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். சூளை வேலைக்கு ஆள் திரட்டும் பருவம் பொங்கலையொட்டி முடிந்துவிடுகிற ஊர்களில், அறிவிப்பை ஆயுத பூஜை, தீபாவளிக் காலத்திலேயே தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.

மீண்டவர்களில் யாராவது தாமாகவே முன்வந்து பேச விரும்பினால், வழக்கு முடிந்துவிட்டதா என்று பார்த்து, என்ன பேசுவது, எதை விட்டுவிடுவது, யார் கேட்கலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். கடைசி நேரத்தில் மனம் மாறினால் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். பேசினால், வேறு எந்தப் பேச்சாளருக்கும் கொடுக்கும் அதே பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் உறையில் போட்டு அவர் கையில் கொடுங்கள்.